ஒரு யூனிற்றின் பாரம்



கரண்ட் பில் வீட்டுக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். எத்தனை ரூபா என்று பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, லாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். அதே தாளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இந்த மாதம் எத்தனை யூனிற் பாவித்தோம் என்பது அது. இந்த இதழை மின்சாரத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஆகையால் இந்தப் பக்கத்தில் அந்த யூனிற்றைப் பற்றியே உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

ஆயிரம் வாற்று வலுவுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஒரு யூனிற் செலவாகும். ஒன்பது வாற்று எல்.ஈ.டி. குமிழ் அதே யூனிற்றை வைத்துக்கொண்டு நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் அதை முடித்துவிடும். சரி, அந்த ஒரு யூனிற்றை ஒரு மனிதர் தன் உடம்பைக்கொண்டு உண்டாக்குவதானால்? நல்ல தேகபலமுள்ள ஒருவர் சைக்கிளை விடாமல் மிதித்தால் ஏறக்குறைய நூறு வாற்று தரலாம். பத்து மணி நேரம் இறங்காமல் மிதித்தால்தான் ஒரு யூனிற். நாளுக்கு மூன்று யூனிற் பாவிக்கும் சாதாரண வீடு ஒன்றுக்கு நாலு பேர் முறைவைத்து, ஒவ்வொருவரும் ஏழெட்டு மணி நேரம், தினமும் மிதிக்க வேண்டும்.

வேறு ஊரவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு வேடிக்கையாகப் படலாம். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அப்படிப் படாது. நாங்கள் மிதித்தே பார்த்தவர்கள்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தெற்கிலிருந்து வந்த உயர் அழுத்த மின்வழி போரில் அழிந்தது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருட்டு. அந்த ஆண்டு பிறந்த பிள்ளை தவழ்ந்து, நடந்து, ஏடு தொடக்கி, பள்ளிக்கூடம் போகும் வயது வரைக்கும் சுவிச்சைப் போட்டால் வெளிச்சம் வரும் என்பதைக் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதிலே சொட்டுக் கணக்கில் மண்ணெண்ணெய். ஒரு நூல் திரி. போத்தலின் சுவர் காற்றை மறைத்துக்கொள்ளும். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் ஒரு சிறு பங்குதான் அதற்குத் தேவை. அந்தச் சுடரைச் சுற்றியிருந்து சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படித்து, மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் போன ஒரு தலைமுறை எங்களிடம் இருக்கிறது. அவர்கள் இன்று உலகமெல்லாம் பரந்திருக்கிறார்கள். அவர்களில் சிலராவது இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் என்றால் செய்திக்குச் சைக்கிள். பற்றரி கிடைக்காத ஊரில் றேடியோ கேட்பதற்கு, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் வயரை றேடியோவில் கொடுத்தார்கள். ஒருவர் சுற்ற, ஒழுங்கையே கூடியிருந்து பீபீசி தமிழோசை கேட்டது. சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் தேய்ந்துபோகும். அடுத்தவர் கை மாறுவார். ஒவ்வொரு வீட்டு முற்றமும் ஒரு மின்நிலையமாக இருந்த காலம் அது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இருட்டில் பிரசவம் பார்த்த மருத்துவமாதுகளும், சத்திரசிகிச்சைக்கு எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழித்த வைத்தியர்களும் பட்ட பாட்டில் பெருமை கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் சைக்கிள் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியது. அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சைக்கிள் டைனமோவுக்குள் ஒரு சின்னக் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. ரயர் உரசி உருளையைச் சுற்ற, சுருளினூடான காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்தது இதைத்தான். இன்றைக்கு விக்ரோறியா நீர்மின் நிலையத்திலும், நுரைச்சோலையின் நிலக்கரி நிலையத்திலும், சுன்னாகத்தின் எண்ணெய் எந்திரங்களிலும், பளையின் காற்றாலைகளிலும் நடப்பதும் இதுவே. காந்தமும் சுருளும் பெரிதாகின்றன, சுற்றுகின்ற கை மாறுகிறது. சூரியத் தகடு ஒன்றுதான் விதிவிலக்கு. அதில் எதுவும் சுழல்வதில்லை.

இரவில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். டைனமோவை ரயரில் சாய்த்ததும் பெடல் பாரமாகும். லைற்றின் வயர் அறுந்துபோயிருந்தால் அவ்வளவு பாரம் தெரியாது. மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் சுருள் தன்னைச் சுற்றுகிற காந்தத்தை எதிர்த்து இழுக்கிறது. பாவிப்பவர் எடுக்கின்ற ஒவ்வொரு வாற்றையும் சுற்றுகின்றவர் தன் காலில் உணர்கிறார். மின்சாரத்தைப் பற்றி ஒரேயொரு விடயத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும் என்பேன். காலையில் கொக்குவிலில் ஒருவர் கேத்திலைப் போடுகிறார். அந்தக் கணமே மலைநாட்டில் ஒரு சுழலி ஒரு துளியளவு பாரமாகிறது. அதன் வேகம் குறைந்துவிடாதபடி வாய்த் திறப்புச் சற்று அகன்று, இன்னும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே பாய்கிறது. மின்கம்பி வலையில் மின்சாரம் எங்கேயும் சேர்ந்து கிடப்பதில்லை. இப்போது எரியும் குமிழுக்கான மின்சாரம் இப்போதுதான் உற்பத்தியாகிறது.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு மீற்றர் உயரத்திலிருந்து ஏறக்குறைய நாலாயிரம் லீற்றர் தண்ணீர் விழுந்தால் ஒரு யூனிற் கிடைக்கும். இலங்கையின் அருவிகளில் இந்த வலு இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு 1918இலேயே பொறியியலாளர்களின் சபையில் கட்டுரை வாசித்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950இல்தான் மின் தந்தது. பிறகு மகாவலித் திட்டம். விக்ரோறியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. கொத்மலையில் கிராமங்களும் விகாரைகளும் மூழ்கின. வரட்சி வந்து நீர் வற்றும் ஆண்டுகளில் அந்தப் பழைய சுவர்கள் வெளியே தெரியும்.

2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் முடிந்தது. 150 மெகாவாற்று. சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீர் சுரங்கத்துக்குள் திருப்பப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல, இருந்த இடத்திலிருந்து எழுப்பப்பட்டு வேறிடத்தில் குடியேற்றப்பட்டன. எங்கள் மொழி பேசுகிற மக்கள். உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலாகப் போக, கீழே லயன் அறைகளில் குப்பி விளக்கோடு பல்லாண்டு காலம் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மலையகத்தைப் பற்றிப் பேசும்போது தேயிலையோடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் வீட்டு வெளிச்சத்திலும் அவர்களுடைய மண் இருக்கிறது.

மழை பொய்த்தால் நிலக்கரியும் எண்ணெயும் மேலெழும். கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 300 மெகாவாற்று எந்திரங்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அதுதான். அங்கே ஒரு யூனிற்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிகிறது. அந்தச் சாம்பலோடு வாழ்கிறவர்கள் கரையோரத்து விவசாயிகளும் மீனவர்களும். டீசல் என்றால் யூனிற்றுக்குக் கால் லீற்றருக்கு மேல். அதை வாங்க டொலர் வேண்டும். டொலர் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் கண்டது. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. கொழும்பில் இருந்தவர்கள் அப்போது தொலைபேசியில் எங்களிடம் கேட்டார்கள்: “நீங்கள் அஞ்சு வருசம் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?”

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருவோம். எங்களிடம் மலை இல்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றில் அணை கட்டி மின் எடுக்க முடியாது. நிலக்கரி இல்லை. ஆகையால் எங்கள் மின்சாரம் நீண்ட காலம் எண்ணெயிலேயே தங்கியிருந்தது. அந்த எண்ணெய் எந்திரங்கள் நின்ற இடம் சுன்னாகம். 1990களின் பிற்பகுதியில் மின்சாரம் மெல்ல மெல்லத் திரும்பியபோதும், போர் முடிந்து சில ஆண்டுகள் வரை, தென்னிலங்கை வலையோடு தொடர்பில்லாத ஒரு தீவைப் போலவே குடாநாடு தன் எண்ணெய் எந்திரங்களோடு இருந்தது. சுன்னாகத்தில் மின்சார சபைக்குச் சொந்தமான 24 மெகாவாற்று ‘உத்துரு ஜனனி’ நிலையம் 2013 தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பே நொதேர்ண் பவர் என்ற தனியார் நிறுவனம் அங்கே எண்ணெயால் மின் உற்பத்தி செய்து சபைக்கு விற்றுவந்தது.

எங்கள் நிலத்தின் இயல்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும். அடியில் சுண்ணக்கல். அது துளையும் வெடிப்புமாக இருப்பதால் மழை நீர் விரைவாக இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கிணறு வெட்டினால் கிடைப்பது அந்த நீர். வேறு நீர் எங்களுக்கு இல்லை. மேலே எதை ஊற்றினாலும் அது அந்தப் படைக்குத்தான் போய்ச் சேரும். 2013, 2014 அளவில் சுன்னாகத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மணக்கத் தொடங்கியது. வாளியை இழுத்தால் நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிறீசும் அளவுக்கு மேல் இருந்தன. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க என்று தலைமுறைகள் நம்பியிருந்த கிணறுகளை மூடிவைத்துவிட்டு, மக்கள் குடத்தோடும் கானோடும் பௌசருக்குக் காத்து நின்றார்கள்.

மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வைத்தியர்கள், சட்டத்தரணிகள், மாணவர்கள் கூடவே நின்றார்கள். 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றத்தின் உத்தரவோடு தனியார் நிலையத்தின் வேலை நின்றது. சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சிங்களவர் எங்கள் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றப் படியேறினார் என்பதை நான் நன்றியோடு இங்கே பதிகிறேன். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கிணறுகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்கும்படி நொதேர்ண் பவருக்கு உத்தரவு. கண்காணித்திருக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தங்கள் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. இலங்கைச் சுற்றாடல் சட்டம் படிக்கிறவர்கள் இன்று கட்டாயம் வாசிக்கும் தீர்ப்புகளில் சுன்னாகமும் ஒன்று. ஆனால் நட்டஈட்டுத் தொகையைப் பாதிக்கப்பட்ட வீடுகளால் பிரித்துப் பாருங்கள். நஞ்சாகிப்போன ஒரு கிணற்றுக்கு அது போதுமா? போதாது என்பதே என் எண்ணம். நிலத்தடி நீர் தானாகத் தெளிவதற்கு எடுக்கும் காலத்தை எந்த நீதிமன்றமும் குறுக்க முடியாது.

2013இல் இன்னொன்றும் நடந்தது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132,000 வோல்ற்று மின்வழி வந்துசேர்ந்தது. கால் நூற்றாண்டுக்குக் கிட்ட அறுந்துகிடந்த தொடர்பு மீண்டது. இப்போது உங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருகிற பாதையைக் கேளுங்கள். நிலையத்தில் பிறக்கும்போது அதன் வோல்ற்றளவு ஒப்பீட்டளவில் குறைவுதான். அப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அனுப்பினால் பெரும்பகுதி கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். ஓட்டம் இரட்டித்தால் வீணாகும் சூடு நாலு மடங்காகும். ஆகவே வோல்ற்றளவைக் கூட்டி ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். கொத்மலையிலிருந்தும் நுரைச்சோலையிலிருந்தும் 220,000 வோல்ற்றில் அநுராதபுரம். அங்கிருந்து 132,000இல் வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம். சுன்னாகத்து உப மின்நிலையத்தில் 33,000 ஆக இறங்கி ஊர்களுக்குப் பிரிகிறது. உங்கள் சந்தியில் இரட்டைப் போஸ்ற்றில் உட்கார்ந்திருக்கும் ட்ரான்ஸ்போமர் அதை 400 ஆகவும், ஒரு வீட்டுக்கு 230 ஆகவும் இறக்கித் தருகிறது.

அந்த ட்ரான்ஸ்போமரிலிருந்து மூன்று உயிர்க் கம்பிகள் புறப்படுகின்றன. ஒழுங்கையின் இந்த வீடு ஒன்றில், அடுத்த வீடு மற்றொன்றில் என்று சுமையைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். எங்களுக்குக் கரண்ட் நிண்டிட்டுது, முன்வீட்டில் மட்டும் எரியுது என்று நாங்கள் வியப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு கம்பியின் பியூஸ் போனாலும் மற்ற இரண்டும் உயிரோடிருக்கும். அறுந்து விழுந்த கம்பி செத்துப்போன கம்பி என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

மாரி காலத்தில் இந்தக் கம்பிகளைக் காப்பாற்றுகிறவர்களை நாங்கள் போதிய அளவு நினைப்பதில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் பனையோலையும் தென்னோலையும் கம்பியில் விழும். கரையோர ஊர்களில் கடற்காற்றின் உப்பு வெண்ணிறக் காவலிகளில் படிந்து, ஈரம் பட்டதும் மின் கசியும். நடுச்சாமத்தில் நாங்கள் மின்சார சபைக்கு அழைத்து ஏசிவிட்டுப் படுக்க, யாரோ ஒருவர் கொட்டும் மழையில் ஏணியோடு வருகிறார். தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி களைகட்டும் நாட்களில் குடாநாடெங்கும் பட்டம் ஏறும். மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் பிள்ளைகள் தடியோடு போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும்.

வலையோடு இணைந்ததால் எங்களுக்கு மலைநாட்டு நீர் கிடைத்தது. அதோடு முழு நாட்டின் சுகதுக்கமும் எங்களுடையதாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி கடந்த வேளையில் பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் தொடக்கம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். ஊர் சிரித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு மூலையில் நேர்ந்த ஒரு தவறு எப்படி ஒரு நாட்டையே வீழ்த்தியது?

நல்லூர்த் தேர் வடத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் பிடித்தாலும் ஒரே இழுவை, ஒரே அடி. நாட்டின் எல்லாச் சுழலிகளும் அப்படித்தான் செக்கனுக்கு 50 அலைவு என்ற ஒரே மீடிறனில் பிணைந்திருக்கின்றன. ஒரு பகுதியினர் திடீரென்று கையை விட்டால் மீதிப்பேர் மேல் பாரம் ஏறும். வேகம் குறையும். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் எந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாக விலகும். பாரமான சுழலிகள் நிறையச் சுழன்றுகொண்டிருந்தால் அவற்றின் உந்தமே சில கணங்களுக்கு வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலைத்தலங்கள் மூடியிருந்ததால் தேவை குறைவு. வெயில் உச்சத்தில் இருந்ததால் கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். ஆகவே சுழலும் பாரமான எந்திரங்கள் குறைவாகவே வலையில் இருந்தன. தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் வலை சரிந்தது. நுரைச்சோலை எந்திரங்களை மீண்டும் சூடேற்றி இயக்குவதற்கு நாட்கள் எடுத்ததால், தொடர்ந்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி வெட்டும் வந்தது.

இதைக் கேட்டு, சூரியத் தகடு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது அதற்கு எதிர்மாறானது. ஆறு இல்லாத எங்களுக்கு வெயிலும் காற்றும் அள்ளிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வைகாசியிலிருந்து வீசும் சோளகத்தின் வேகத்தை நெடுந்தீவுக்குப் படகில் போனவர்கள் அறிவார்கள். குடாநாட்டின் கழுத்தாகிய பளையில் 2014 கடைசியிலிருந்து இரண்டு காற்றாலைத் திட்டங்கள் சேர்ந்து 20 மெகாவாற்று தருகின்றன. மன்னாரில் முப்பது கோபுரங்களோடு தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. நூறு மெகாவாற்றுக்கு மேல். பூநகரியும் மன்னாரும் சேர்ந்து 484 மெகாவாற்று என்று பேசப்பட்ட அதானி நிறுவனத்தின் திட்டம், விலைப் பிணக்கில் இழுபட்டு, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியதோடு முடிந்தது. அதே 2025இல் மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று மன்னார் மக்கள் போராடினார்கள். வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, வலசை வரும் பறவைகளுக்குக் கேடு, எங்களைக் கேளாமல் எங்கள் நிலத்தில் முடிவெடுக்கிறார்கள் என்பவை அவர்களின் முறைப்பாடுகள். சுத்தமான மின்சாரம் என்பதற்காக அவர்களுடைய குரலைத் தள்ளிவிட முடியாது. சுன்னாகத்துக் கிணற்றடியில் நின்ற எங்களுக்கு அது நன்றாகவே விளங்க வேண்டும்.

தீவுகளின் கதை மனதை வருத்துவது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் வலைக்கு வெளியே டீசல் எந்திரங்களை நம்பியிருப்பவை. அந்த டீசலும் கடல் கடந்து போக வேண்டும். அங்கே சூரியன், காற்று, பற்றரி மூன்றையும் இணைத்து மின்நிலையங்கள் அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை கைவிடப்பட்டது. பிறகு இந்தியா பதினொரு மில்லியன் டொலர் மானியம் தருவதாகச் சொல்லி, 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற்று சூரியன், 530 கிலோவாற்று காற்று, 2,400 யூனிற் சேமிக்கும் பற்றரி, கைகாவலாக டீசல். இரண்டு பெரிய நாடுகள் வாதாடி முடிக்கும் வரை தீவுப் பிள்ளைகளின் வெளிச்சம் காத்திருந்தது. எழுவைதீவில் இத்தகைய சிறிய கலப்பு நிலையமொன்றை மின்சார சபை ஏற்கெனவே அமைத்து நடத்திக் காட்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

மேற்சொன்ன கணக்கில் பற்றரி ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். மின்தேவை உச்சத்துக்கு ஏறுவது மாலை ஆறரைக்குப் பிறகு. விளக்கு, தொலைக்காட்சி, மின்விசிறி, சமையல் எல்லாம் ஒரே நேரத்தில். சூரியன் அப்போது கீரிமலைக் கடலுக்குள் இறங்கியிருக்கும். பகலின் மிச்சத்தை மாலைக்குக் கொண்டுவர வழி தேடாத வரை ஒவ்வொரு இரவும் எங்கள் வெளிச்சத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும்தான் காவல் நிற்கும். கூரையில் தகடு பூட்ட நினைக்கிறவர்கள் பற்றரியோடு சேர்த்து விலை கேளுங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மோட்டரை மாலைக்குப் போடாமல் பகல் வெயிலில் போடுங்கள். மாதம் 60 யூனிற்றைத் தாண்டியதும் கட்டணப் படிமுறை முழுவதும் மாறுகிறது என்பதால், ஐம்பத்தைந்தில் நிற்கிற வீடு கொஞ்சம் கவனமாக இருந்தால் பணமும் மிஞ்சும். இன்னொன்று: உங்கள் வீட்டு ட்ரிப் சுவிச்சில் ‘டெஸ்ட்’ என்றொரு சிறு பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை அமத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். உயிர் காக்கிற பொத்தான் அது.

இந்த இதழின் உள்ளே ஜாம் போத்தல் காலத்தை நினைவுகூரும் கட்டுரைகளுக்கும், சுன்னாகத்து நீர் பற்றிய நீண்ட கட்டுரைக்கும் கூடுதல் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். போதாது என்று எனக்குத் தெரியும். சுன்னாகம் மின்நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள், போர்க்காலத்தில் கம்பி இழுத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் எழுதுங்கள். கையெழுத்தில் எழுதினாலும் நாங்கள் தட்டச்சுச் செய்துகொள்வோம். டைனமோவில் றேடியோ கேட்ட படம் ஒன்று யாரிடமாவது இருந்தால், பிரதியெடுத்துவிட்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம். உங்கள் கிணற்று நீரை எப்போதாவது பரிசோதித்த அறிக்கை வீட்டில் இருந்தால், அது பத்து வருடப் பழசானாலும், திகதியும் ஊர்ப் பெயரும் தெரியும்படி ஒரு பிரதி அனுப்புங்கள். அவற்றை ஊர்வாரியாக அடுக்கி அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். இப்போது அந்த நீர் எப்படி இருக்கிறது என்று மறுபடி பரிசோதிக்கும்படி கேட்பதற்கு எங்கள் எல்லோருக்கும் அந்தத் தாள்கள் தேவைப்படும்.

அன்புடன்,
ஆசிரியர்